வேதம் தித்திக்க: புதிதாக வாசிக்கத் தொடங்குவோருக்கு

"வேதம் வாசிக்கிறேன், ஆனால் மனதில் ஒன்றும் ஒட்டவில்லை." சபைக்குப் புதிதாக வந்தவர்களிடம் கொஞ்ச நேரம் பேசினால் போதும், இந்த வார்த்தை வந்துவிடும். ஆலயத்திலேயே வளர்ந்தவர்களும் இதையே சொல்வார்கள், சற்றுத் தயங்கிவிட்டு. பைபிளை மதிக்கிறார்கள், வாசிக்க வேண்டும் என்று நம்புகிறார்கள், வாசிக்காத நாளில் மன உறுத்தலோடு படுக்கப் போகிறார்கள். சந்தோஷம் மட்டும் வரவில்லை. அதனால் தங்களுக்குப் பக்தி குறைவு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மையில்லை. எப்படி வாசிப்பது என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. கிறிஸ்தவராக இல்லாமல், ஒருமுறை வாசித்துத்தான் பார்ப்போமே என்று நினைப்பவர்களும் இதே வழியில் தொடங்கலாம்.

மகிழ்ச்சியை எதிர்பார்க்கலாமா?

தாராளமாக எதிர்பார்க்கலாம். வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தின் வாசலிலேயே, முதல் சங்கீதத்தின் இரண்டாம் வசனத்தில், "கர்த்தருடைய வேதத்தில் பிரியமாயிருந்து, இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்" என்று வருகிறது. பிரியம் முதலில், தியானம் அதற்குப் பிறகு. 119-ஆம் சங்கீதத்தை எழுதியவர் இன்னும் ஒருபடி மேலே போய், "உம்முடைய வார்த்தைகள் என் நாவுக்கு எவ்வளவு இனிமையானவைகள், என் வாய்க்கு அவைகள் தேனிலும் மதுரமாயிருக்கும்" என்கிறார்.

கஷ்டமே இல்லாதவர்கள் எழுதியது இது என்று நினைத்துவிட வேண்டாம். எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 15:16-ஐ (15-ஆம் அதிகாரம், 16-ஆம் வசனம்) பாருங்கள்: "உம்முடைய வார்த்தைகள் கிடைத்தவுடனே அவைகளை உட்கொண்டேன், உம்முடைய வார்த்தைகள் எனக்குச் சந்தோஷமும், என் இருதயத்துக்கு மகிழ்ச்சியுமாயிருந்தது." அதே அதிகாரத்தின் பத்தாம் வசனத்தில் இதே மனிதர், தன்னைப் பெற்ற தாயை நினைத்து ஏன் பிறந்தேன் என்று அழுகிறார். பதினெட்டாம் வசனத்தில் தன் வேதனை ஓயவே இல்லையே என்று கடவுளிடமே முறையிடுகிறார். அழுகையும் மகிழ்ச்சியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மனநிலை நன்றாக இருக்கும் நாளில் மட்டும் கிடைக்கிற சந்தோஷமாக இருந்தால் இப்படி எழுதியிருக்க முடியாது.

வார்த்தைகளுக்குப் பின்னால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், அவரோடு தங்கியிருக்கிற அளவுக்குத்தான் வாசிப்பு இனிக்கும் என்பதே நான் இங்கே சொல்ல வருவது. கீழே வருகிற படிகள் எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

எந்த வேதாகமம் வாங்குவது?

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் பழைய மொழிபெயர்ப்பைத்தான் வாசிக்கிறார்கள். பாட்டு, பிரசங்கம், மனப்பாட வசனம் எல்லாம் அதில்தான் இருக்கும். கத்தோலிக்கர் கையில் இருப்பது 1995-இல் வெளிவந்த திருவிவிலியம். இரண்டுமே நல்லவை. பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் உங்களுக்குக் கடினமாக இருந்தால், எளிய தமிழில் உள்ள ஒன்றைப் பக்கத்தில் வைத்து, புரியாத இடத்தில் மட்டும் எட்டிப் பாருங்கள். சீர்திருத்த சபையினரின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், கத்தோலிக்கருடையதில் 73. தொடங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் இப்போதைக்குப் பெரிய விஷயமில்லை.

முடிந்தால் அச்சுப் புத்தகமாகவே வாங்குங்கள், எழுத்து பெரிதாக இருக்கட்டும். செல்போனில் வாசிப்பது தவறில்லை, ஆனால் வாசிக்கும்போதே மேலே வாட்ஸ்அப் செய்தி எட்டிப்பார்க்கும். போன்தான் வழி என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சேறியது 1714-15-இல், தரங்கம்பாடியில். அதை மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் கொண்டுவந்து 1719-இல் இறந்துபோனார்; மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷூல்ட்சே முடித்தார். இந்தப் புத்தகத்தை நாம் நம் பாஷையில் திறக்க வேண்டும் என்று எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். நன்றியோடு திறப்போம்.

எங்கே ஆரம்பிப்பது?

மாற்கு சுவிசேஷத்தில். 16 அதிகாரங்கள்தான், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் சிறியது. இயேசு யார், என்ன செய்தார், எப்படி இறந்தார், எப்படி எழுந்தார் என்பதை மாற்கு நிற்காமல் சொல்லிக்கொண்டு போகிறார். அதோடு தினமும் ஒரு சங்கீதம், நீளமாக இருந்தால் அதில் பாதி.

ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தைத் திறந்து, ஒரே வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிப்பது என்ற தீர்மானத்தோடு ஆரம்பிக்கிறவர்கள் நிறைய. ஆதியாகமம் சுவையாகப் போகும். யாத்திராகமத்தில் செங்கடலைத் தாண்டும்வரை வேகம் இருக்கும். அப்புறம் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகள், தொங்குதிரைகள், லேவியராகமத்தில் பலிகளின் முறைமைகள் என்று வந்ததும் நின்றுவிடுவார்கள். அந்தப் பகுதிகளுக்கும் அழகு உண்டு, கொஞ்சம் கீழே அதைக் காட்டுகிறேன். ஆனால் இயேசுவைச் சந்தித்த பிறகு அங்கே போனால்தான் அந்த அழகு தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் வைத்த வசனத்தை இன்றைய செய்தியாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். யாரிடமாவது இப்படி அவருடைய பேச்சின் நடுவிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவோமா? ஒரு புத்தகத்தை எடுத்தால் அதன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை போங்கள்.

நேரம், இடம்

பதினைந்து இருபது நிமிடம் போதும். காலையில் என்றால் நல்லது, போனைத் தொடுவதற்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது. ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்க்கும், இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும் காலை என்பது வேறு. வேலைக்குப் போகும் ரயிலிலோ, மதியம் வீடு அடங்கிய பிறகோ, விடுதி மொட்டைமாடியிலோ உங்களுக்குக் கிடைக்கிற அந்த நேரத்தை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால் மனம் சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

திறக்கும் முன் கேளுங்கள்

வேதத்தை ரசிக்கும் ஆசையே நமக்கு இயல்பாக வந்துவிடாது. அதையும் கேட்டுத்தான் பெற வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் 119-ஆம் சங்கீதத்திலேயே இரண்டு ஜெபங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று 18-ஆம் வசனம்: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." மற்றது 36-ஆம் வசனம்: "என் இருதயம் பொருளாசையைச் சாராமல், உமது சாட்சிகளைச் சாரும்படி செய்யும்." வாசிக்க ஆசையே இல்லாத நாளில் இந்த இரண்டாவது ஜெபம் கைகொடுக்கும். "எனக்கு ஆசை இல்லை, நீரே தாரும்" என்பதும் நேர்மையான ஜெபம்தான்.

இங்கே ஜார்ஜ் முல்லரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1805-இல் பிரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஆயிரக்கணக்கான அனாதைப் பிள்ளைகளுக்கு வீடு அமைத்துக் கொடுத்தவர். எத்தனை பொறுப்புகள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் 1841-இல் எழுதிவைத்த ஒரு குறிப்பில், ஒவ்வொரு நாளும் தான் கவனிக்க வேண்டிய முதல் வேலை, தன் ஆத்துமா கர்த்தரில் மகிழ்ச்சியாக இருப்பதுதான் என்கிறார். அதற்கு முன் பல வருடங்களாக அவர் எழுந்ததும் ஜெபத்தில்தான் இறங்குவார். கால் மணி, அரை மணி நேரம் மனம் எங்கெங்கோ அலைந்த பிறகே ஜெபம் கூடிவரும். பிறகு வரிசையை மாற்றினார். சுருக்கமாக ஆசீர்வாதம் கேட்டுவிட்டு முதலில் வசனத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தியானித்தார். பிரசங்கத்துக்காக அல்ல, தன் சொந்த ஆத்துமாவின் ஆகாரத்துக்காக. சில நிமிடங்களிலேயே அது தானாக நன்றியாகவோ பாவ அறிக்கையாகவோ விண்ணப்பமாகவோ மாறிவிடும் என்று எழுதுகிறார்.

ஜெபத்தில் மனம் அலைகிறது என்று கவலைப்படுகிறவர்கள் இந்த வரிசையை முயன்று பார்க்கலாம்: ஒரு வரி ஜெபம், பிறகு வசனம், வசனத்திலிருந்து மறுபடியும் ஜெபம்.

வாய்விட்டு, மெதுவாக

ஒரு நாளுக்கு ஒரு சிறு பகுதி போதும். மாற்குவில் ஒரு சம்பவம், பத்துப் பதினைந்து வசனங்கள். முதல் தடவை வாய்விட்டு வாசியுங்கள். அடுத்த அறைக்குக் கேட்க வேண்டியதில்லை, உங்கள் காதுக்குக் கேட்டால் போதும். பழைய காலத்தில் வாசிப்பு பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசிப்பது, ஓடிவருகிற சுவிசேஷகன் பிலிப்புவின் காதில் விழுகிறது. கண் வரிகளைத் தாண்டி ஓடும், நாக்கால் அப்படி ஓட முடியாது.

இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். ஏதோ ஒரு சொல்லோ செயலோ உங்களைப் பிடித்து நிறுத்தும். அங்கேயே நில்லுங்கள். மீதி வசனங்கள் நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

12-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டில் இரண்டாம் குயிகோ என்ற, கார்த்தூசியர் துறவற சபையைச் சேர்ந்த துறவி இருந்தார். வேத வாசிப்பை அவர் நான்கு படிகளாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், கடவுளின் முன்னிலையில் சும்மா இருத்தல். வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் மெல்லுகிறது, ஜெபம் ருசியை எடுக்கிறது, நான்காவது அந்த ருசியே. நம்மில் பலர் கவளத்தை வாயில் வைத்ததும் விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ருசி தெரியாததில் ஆச்சரியமில்லை.

மெல்லுவது என்றால் என்ன செய்வது? கேள்வி கேட்பதுதான். யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன தேவை, இயேசு எதிர்பாராத விதமாக என்ன செய்கிறார், இங்கே கடவுள் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார் என்று கேளுங்கள். "எனக்கு இதில் என்ன கட்டளை?" என்ற கேள்வி வரட்டும், ஆனால் கடைசியில் வரட்டும். முதலிலேயே அதைக் கேட்டால், பார்ப்பதற்கு முன்பே கடமைப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவோம்.

ஒரு பகுதியை எடுத்துப் பார்ப்போம்

மாற்கு 5:21 முதல் 43 வரை திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெப ஆலயத் தலைவனான யவீரு இயேசுவின் பாதத்தில் விழுகிறான். அவன் மகள் சாகக்கிடக்கிறாள். இயேசு கூடவே கிளம்புகிறார், கூட்டம் நெருக்கிக்கொண்டு வருகிறது. நடுவில் ஒரு பெண். பன்னிரண்டு வருடமாக உதிரப்போக்கு. வைத்தியர் பலரிடம் போய், இருந்ததையெல்லாம் செலவழித்து, குணமாகாமல் இன்னும் மோசமானவள். அவருடைய வஸ்திரத்தையாவது தொட்டால் போதும் என்று பின்னாலிருந்து வந்து தொடுகிறாள். சுகமாகிவிடுகிறது.

விஷயம் முடிந்துவிட்டது, போய்விடலாம். ஆனால் இயேசு நின்றுவிடுகிறார். என்னைத் தொட்டது யார் என்று கேட்கிறார். இத்தனை ஜனங்கள் நெருக்கும்போது இப்படிக் கேட்கிறீரே என்று சீஷர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அவரோ சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இப்போது யவீருவின் இடத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு நிமிடமும் மகளின் உயிர். அவனுக்கு இந்தத் தாமதம் எப்படி இருந்திருக்கும்? அந்தப் பெண் நடுங்கிக்கொண்டு வந்து விழுகிறாள், நடந்த உண்மை எல்லாவற்றையும் சொல்கிறாள் என்று 33-ஆம் வசனம் சொல்கிறது. பன்னிரண்டு வருடக் கதை. அவள் சொல்லி முடிக்கும்வரை இயேசு கேட்கிறார். கேட்டுவிட்டு அவளை "மகளே" என்று கூப்பிடுகிறார்.

ஒரு தகப்பன் தன் மகளுக்காகத் தவித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போது, தனக்காகக் கெஞ்ச யாரும் இல்லாமல் கூட்டத்தில் ஒளிந்து வந்த ஒருத்தியை, எல்லார் முன்னாலும் மகள் என்கிறார். இந்த இடத்துக்கு வந்ததும் நான் வாசிப்பதை நிறுத்திவிடுவேன். இதற்கு மேல் அன்றைக்கு எனக்கு வேறு வசனம் தேவைப்படாது.

இன்னும் இருக்கிறது. சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்று 42-ஆம் வசனம் சொல்கிறது. ஒருத்தியின் நோய் தொடங்கிய காலத்தில்தான் மற்றவள் பிறந்திருக்கிறாள். ஒரு வீட்டில் சந்தோஷம் நுழைந்தபோது இன்னொருத்தியின் வாழ்க்கையிலிருந்து அது வெளியேறியிருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே நாளில் இயேசு சந்திக்கிறார்.

இங்கேதான் லேவியராகமத்தின் அழகு தெரிய ஆரம்பிக்கும். 15-ஆம் அதிகாரத்தின்படி அப்படிப்பட்ட பெண் தீட்டுள்ளவள், அவள் படுக்கையைத் தொட்டவரும் தீட்டுப்படுவார். எண்ணாகமம் 19-இன்படி செத்தவரின் உடலைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு. மாற்கு 5-இல் இந்த இரண்டும் நடக்கின்றன. ஒருத்தி அவரைத் தொடுகிறாள், இறந்துபோன சிறுமியின் கையை அவர் பிடிக்கிறார். சட்டப்படி தீட்டு அவர்மேல் வர வேண்டும். நடந்தது என்னவென்றால், அவரிடமிருந்து வல்லமை அவளுக்குள் போனது, அவரிடமிருந்து ஜீவன் சிறுமிக்குள் போனது. பலரை லேவியராகமத்தில் நிறுத்திய அதே சட்டங்கள்தான் இந்தச் சம்பவத்தின் ஆச்சரியத்தை நமக்குத் திறந்து காட்டுகின்றன.

கடைசி வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். மரித்த பிள்ளை எழுந்து நடக்கிறது, எல்லாரும் பிரமித்து நிற்கிறார்கள். இயேசு அவளுக்கு ஆகாரம் கொடுக்கச் சொல்கிறார். அந்தக் கலவரத்தில் பிள்ளைக்குப் பசிக்கும் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

இதில் எதற்கும் எபிரெயமோ கிரேக்கமோ தேவைப்படவில்லை. அவசரப்படாமல் பார்த்தோம், அவ்வளவுதான். பக்க ஓரத்தில் தொடர்புடைய வசனங்கள் அச்சிடப்பட்ட ஒத்தவாக்கிய வேதாகமம் இருந்தால், லேவியராகமத்துக்குப் போகும் வழியை அதுவே காட்டிவிடும்.

பார்த்ததை அவரிடமே சொல்லுங்கள்

பார்த்து மகிழ்ந்ததை மனதிலேயே வைத்துக்கொண்டு எழுந்துவிடக் கூடாது. "ஆண்டவரே, அவளுடைய கதையை முழுதும் கேட்டீரே, என் கதையையும் கேளும்" என்று பேசிவிடுங்கள். "யவீருவைப் போலக் காத்திருக்கிறேன், எனக்கு இந்தத் தாமதம் புரியவில்லை" என்றும் சொல்லலாம்.

23-ஆம் சங்கீதம் இதற்கு நல்ல பாடம். நம் வீட்டுச் சுவர்களிலெல்லாம் தொங்குவதாலேயே நாம் அதைச் சரியாகப் பார்ப்பதில்லை. முதல் மூன்று வசனங்களில் தாவீது கடவுளைப் பற்றிப் பேசுகிறான். கர்த்தர் என் மேய்ப்பர், அவர் என்னை மேய்க்கிறார், அவர் என் ஆத்துமாவைத் தேற்றுகிறார். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே பேச்சு திரும்புகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர், உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்." புல்வெளியில் இருந்தவரை அவரைப் பற்றிச் சொன்னவன், இருட்டில் நுழைந்ததும் அவரிடமே பேசுகிறான். நம் வாசிப்பும் எங்காவது ஓர் இடத்தில் இப்படித் திரும்ப வேண்டும். திரும்புகிற அந்த இடத்தில்தான் மகிழ்ச்சி பெரும்பாலும் காத்திருக்கிறது.

ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பகுதி, உங்களை நிறுத்திய வரி, அதற்கு நீங்கள் சொன்ன பதில், இது போதும். அழகாக எழுத வேண்டியதில்லை, யாருக்கும் காட்டப்போவதில்லை.

வசனத்தோடு நாளைக் கழிப்பது

காலையில் பிடித்த வரியை நாள் முழுவதும் கூடவே கொண்டுபோங்கள். இரவும் பகலும் தியானம் என்பது இருபத்துநான்கு மணிநேரமும் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பது இல்லையே. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருமுறை, பாத்திரம் கழுவும்போது ஒருமுறை, படுக்கும்போது ஒருமுறை அந்த வரியைச் சொல்லிப் பாருங்கள். சில நாளில் மனப்பாடமாகிவிடும். ஓய்வுநாள் பள்ளியில் பரிசுக்காக ஒப்பித்த வசனங்கள் சில இன்னும் நினைவில் இருக்குமே, அவற்றை மறுபடியும் எடுத்து மெதுவாகச் சொல்லிப் பார்ப்பதும் நல்லது.

வாக்குத்தத்த வசனத்தைப் பற்றி

வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நமக்குப் பிரியமான வழக்கம். அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த வசனம் இருக்கிற அதிகாரம் முழுவதையும் அன்றைக்கே வாசித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன். எரேமியா 29:11 பலருக்கு வந்திருக்கும்: "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்ற கணக்கு இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைவைத்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது அந்தக் கடிதம். அட்டையில் மட்டும் வாசித்தால் இந்த வருடம் வேலை கிடைக்குமா என்பதோடு நின்றுவிடும். முழுதாக வாசித்தவருக்கு, வேலை கிடைக்காத வருடத்திலும் அந்த வசனம் உயிரோடிருக்கும்.

வறண்ட நாட்கள்

வரும். சில நேரம் வாரக்கணக்கில் வரும். உங்களிடம் ஏதோ கோளாறு என்று உடனே முடிவுகட்டாதீர்கள். 119-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேதத்தின்மேல் இவ்வளவு ஆசையோடு எழுதப்பட்ட பாட்டு வேறில்லை. 176 வசனங்கள், 22 எபிரெய எழுத்துகளின் வரிசையில் எழுத்துக்கு எட்டு வசனமாகக் கட்டப்பட்டவை. அதை எழுதியவரே 25-ஆம் வசனத்தில், "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, உமது வசனத்தின்படி என்னை உயிர்ப்பியும்" என்கிறார். கடைசி வசனத்தில், காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், என்னைத் தேடும் என்கிறார்.

அப்படிப்பட்ட நாளில் பகுதியைச் சிறிதாக்குங்கள், விட்டுவிட வேண்டாம். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரை வெளிச்சமே இல்லாமல் முடிகிறது. இப்படிப்பட்ட ஜெபங்களையும் கடவுள் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார். சிரித்த முகத்தோடு மட்டும் வரச் சொல்லவில்லை என்று தெரிவதே ஒரு ஆறுதல். தூக்கமும் பசியும் போய், எதிலும் பற்றில்லாமல் வாரங்கள் போகின்றன என்றால், வேத வாசிப்பை வைத்து உங்களை நீங்களே குற்றப்படுத்தாமல் ஒரு மருத்துவரையும் பாருங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

புரியாத இடங்களும், கூட வாசிப்பவர்களும்

புரியாததைக் கண்டு வாசிப்பை நிறுத்தாதீர்கள். பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கேள்விகளோடு யாரிடமாவது உட்காருங்கள். ஆயராக இருக்கலாம், வேதபாடக் குழுவாக இருக்கலாம், சபையில் வேதத்தை நேசிக்கிற ஒரு பாட்டியாகவும் இருக்கலாம். எத்தியோப்பிய மந்திரி ஒரு ராணியின் பொக்கிஷத்துக்கே தலைவன். நீர் வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டபோது, ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று வெட்கப்படாமல் கேட்டு, அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். அந்தப் பயணத்தின் முடிவில் அவன் சந்தோஷத்தோடே தன் வழியே போனான் என்று 39-ஆம் வசனம் சொல்கிறது.

வீட்டில் குடும்ப ஜெபம் இருந்தால், ஒரு அதிகாரத்தை வேகமாக வாசித்து முடிப்பதற்குப் பதில் ஐந்து வசனம் வாசித்து, "உனக்கு இதில் எது பிடித்தது?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பெரியவர்கள் கவனிக்காததைப் பிடித்துவிடுவார்கள்.

ஆண்டுத் திட்டங்கள்

மாற்கு முடிந்ததும் லூக்கா, அப்போஸ்தலர், பிறகு பிலிப்பியர். அதன் பிறகு ஆதியாகமத்துக்குப் போங்கள். லேவியராகமத்தை அடையும்போது எபிரெயர் நிருபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முழு வேதாகமத்தையும் வாசிக்கத் திட்டங்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் ஆயராக இருந்த ராபர்ட் மரே மெக்செய்ன் 1842-இல் தன் சபைக்காகத் தயாரித்தது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தினமும் நான்கு அதிகாரம். வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை. அதைத் தந்தபோதே, இது வெறும் சடங்காகிவிடலாம், சுயநீதி வரலாம், சிலருக்குச் சுமையாகலாம் என்றும் அவர் எச்சரித்தார். தொடங்குகிறவர்கள் ஒரு வருடமாவது பொறுத்து அதற்குப் போகலாம் என்பது என் எண்ணம்.

முதல் வாரத்துக்கு

திங்கள்: மாற்கு 1:1-15, சங்கீதம் 1.
செவ்வாய்: 1:16-28, சங்கீதம் 8.
புதன்: 1:29-39, சங்கீதம் 13. இருட்டோடே எழுந்து இயேசு எங்கே போகிறார் என்று பாருங்கள்.
வியாழன்: 1:40-45, சங்கீதம் 19. குஷ்டரோகியைச் சொல்லால் மட்டும் சுகமாக்கியிருக்கலாமே, ஏன் தொட்டார் என்று கேளுங்கள்.
வெள்ளி: 2:1-12, சங்கீதம் 23. கூரையைப் பிரித்த நான்கு பேரையும் கவனியுங்கள்.
சனி: 2:13-22, சங்கீதம் 34.
ஞாயிறு: புதிதாக எதுவும் வேண்டாம். அந்த வாரத்தில் உங்களை அதிகம் நிறுத்திய பகுதியை மறுபடியும் வாய்விட்டு வாசியுங்கள், ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். மறுநாள் 2:23-லிருந்து தொடரலாம்.